பனி எழுதிய ஏடு

காளத்தியை வாயுத்தலம் என்கிறோம். கருவறையிலே அசையும் விளக்குச் சுடரைக் காட்டி, காற்றின் இருப்புக்கு அதுவே சான்று என்பர் பெரியோர். கண்ணுக்குத் தெரியாத காற்றுக்குச் சான்று தேடுவது நமக்குப் புதிதன்று. இன்று உலகம் வேண்டி நிற்கும் சான்றோ இன்றைய காற்றுக்கு மட்டுமன்று. என்றோ வீசி மறைந்த காற்றுக்கும்!

இன்றைய காற்றை ஆராய, காளத்திக்குத் தொலைவில்லாத காதங்கியில் தேசிய வளிமண்டல ஆய்வுக்கூடம் இருக்கிறது. காற்றிலுள்ள கரியமில வாயுவைத் தொடர்ந்து அளக்கும் பணியோ, ஹவாய்த் தீவில் 1958-இல்தான் தொடங்கியது. அதற்கு முந்திய கணக்கை யாரிடம் கேட்பது? பனியிடம் கேட்கலாம். ஆண்டுதோறும் விழும் பனி, அடுக்கடுக்காக இறுகிக் கட்டியாகும்போது காற்றையும் குமிழிகளாகச் சிறைப்படுத்துகிறது. ஆழத் துளைத்து, தண்டு தண்டாக வெளியே எடுத்தால் பழங்காலம் கைக்கு வருகிறது.

அண்டார்டிகாவில் எடுத்த பனித்தண்டுகள் 8 இலட்சம் ஆண்டு வரலாற்றைச் சொல்கின்றன. அத்தனை காலத்திலும், பத்து இலட்சம் பங்கு காற்றில் கரியமில வாயு ஏறத்தாழ 300 பங்கைத் தாண்டியதில்லை. இன்றோ 420-ஐக் கடந்துவிட்டது! "வெப்பம் ஏறுவதும் இறங்குவதும் இயற்கைதானே" என்போர்க்கு இதைவிட வேறு விடை வேண்டுமோ?

"எங்கோ உறைந்த பனிக்கும் தெற்கே வாழும் நமக்கும் என்ன உறவு?" என்று சிலர் வினவக்கூடும். உறவு உண்டு. 1997-இல் திபெத்தின் தாசுவோபு பனியாற்றில், 7,000 மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்தில், தண்டுகள் எடுத்தனர். பருவமழை பொய்த்த ஆண்டுகள் அவற்றில் தூசியாகவும் உப்பாகவும் பதிந்திருந்தன. 1790-களின் வறட்சி அதிலே இருக்கிறது. 1876-இல் தொடங்கிய வறட்சியும் இருக்கிறது. அந்த 1876-தான் சென்னை மாகாணத்தைச் சூறையாடிய தாது வருடப் பஞ்சம். அன்று காளத்தி ஜமீனை உள்ளடக்கிய வட ஆர்க்காடும் அதற்குத் தப்பவில்லை. நம் முன்னோர் பட்ட பசியை இமயம் எழுதி வைத்திருக்கிறது!

அந்த ஏடுதான் இன்று அழிகிறது. காளத்தியைத் தென்கயிலை என்போம். வடகயிலைக்கு எதிரே, மானசரோவரத்துக்குத் தெற்கே நிற்பது குர்லா மாந்தாதா மலை. 2006-இல் அங்கெடுத்த தண்டிலே, 1950, 60-களின் அணுகுண்டுச் சோதனைகள் உலகெங்கும் தூவிய கதிரியக்கத் தடயத்தைக் காணோம். அக்காலத்துப் பனி உருகிப் போயிற்று. ஏட்டின் மேல் இதழ்களை வெப்பம் தின்றுவிட்டது.

கோவாவிலுள்ள தேசியத் துருவ, பெருங்கடல் ஆய்வு மையம் 2016-இல் ஸ்பிதிப் பகுதியில் 'ஹிமான்ஷ்' நிலையத்தை நிறுவிப் பனியாறுகளை ஆராய்கிறது. நல்ல தொடக்கம். ஆயினும் உருகுவதை அளந்தால் மட்டும் போதாது. உருகுமுன் இமயத்தின் உயர்ந்த இடங்களில் தண்டுகளை எடுத்துக் காப்பது அரசின் கடமை. புகையைக் குறைப்பது அனைவரின் கடமை.

மாணவத் தோழர்களே! செல்லரித்த சுவடிகளைத் தேடி ஊர் ஊராக அலைந்தார் உ. வே. சாமிநாதையர். அவர் காலம் தாழ்த்தியிருந்தால் எத்தனை நூல்களை இழந்திருப்போம்! பௌதிகமும் இரசாயனமும் பயிலும் நம்மவருள் சிலரேனும் இந்தப் பனி ஏட்டைத் தேடிப் புறப்பட வேண்டும். ஓலைச்சுவடிக்குப் படியெடுக்கலாம், உருகிய பனிக்குப் படி ஏது?