ஐசி மேல பழி போடாதீங்க சாமி!

ரொம்ப நாளா மனசுல அரிச்சிக்கிட்டே இருந்த விஷயம். இன்னிக்குக் கொட்டிடறேன். கொஞ்சம் காரமா இருந்தா பொறுத்துக்குங்க மக்களே.

எங்க வெள்ளக்கடையில ஒரு பையன், பிளஸ் டூ படிக்கிறான். ஊர்ப் பண்டிகைக்குத் தன் கையால செஞ்ச ஆம்ப்ளிஃபயர்ல பாட்டுப் போடணும்னு ஆசை. 4440 ஐசி போர்டு ஒண்ணு வாங்கி, பிரிட்ஜ் முறையில இணைச்சு, அவனே பத்த வெச்சான். மெதுவா வெச்சா பாட்டு அருமை. வால்யூம் பாதியைத் தாண்டினா கரகரன்னு கிழியுது, சத்தம் ஏறவே மாட்டேங்குது.

கடையில கேட்டான். "ஐசி டூப்ளிகேட் தம்பி, மாத்து." மாத்தினான். அதே கதை. மறுபடி மாத்து. இப்படி மூணு தடவை. ஒவ்வொரு தடவையும் ஏற்காடு வந்து, அங்கேர்ந்து 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி சேலம் போகணும். ஐசி விலையை விட பஸ் செலவு ஜாஸ்தி. நாலாவது தடவை கிடைச்ச பதில், "உனக்கு இதெல்லாம் சரிப்படாது, ரெடிமேடா ஆயிரம் வாட் செட் வாங்கிக்கோ." பையன் போர்டைப் பரண்ல தூக்கிப் போட்டுட்டான். எனக்குக் கோபமே இங்கதான்.

பரண்லேர்ந்து இறக்கி, மல்ட்டிமீட்டரை சப்ளையில வெச்சேன். பாட்டு இல்லாதப்போ 15.5 வோல்ட். வால்யூமை ஏத்தினா 9. அவ்வளவுதாங்க கதை. ரெண்டு நிமிஷ வேலை. மூணு ஐசி மாத்தினவங்க ஒருத்தரும் இதைச் செய்யலை.

பவர்ங்கறது வோல்டேஜோட வர்க்கத்தைப் பொறுத்தது. 4440 பிரிட்ஜ்ல 19 வாட் தரும்னு போட்டிருக்கே, அது 13.2 வோல்ட்டுல, 4 ஓம் ஸ்பீக்கர்ல. சப்ளை 9 வோல்ட்டுக்கு விழுந்தா பாதி கூட தேறாது. அந்த 19 வாட்டுக்கு சப்ளையிலேர்ந்து சுமார் 2 ஆம்ப் போகணும். அதுக்கு 3 ஆம்ப்புக்குக் குறையாத டிரான்ஸ்ஃபார்மர் வேணும். பையன்கிட்ட இருந்ததுல '3 ஆம்ப்'னு ஸ்டிக்கர் இருந்துச்சு. தூக்கிப் பார்த்தா பஞ்சு மாதிரி இருந்துச்சு! ஃபில்டர் கெப்பாசிட்டர் 1000 மைக்ரோஃபாரட். 2 ஆம்ப்புக்கு அது எப்படிங்க தாங்கும்? 4700 ஆவது வேணாமா?

வாட் ஐசிக்குள்ள இல்லீங்க, சப்ளையில இருக்கு. ஐசி வெறும் குழாய். தொட்டியில தண்ணி இல்லாம குழாயை மாத்தி என்ன பிரயோஜனம்?

டூப்ளிகேட் ஐசியே கிடையாதான்னு கேப்பீங்க. இருக்கு, நிறையவே இருக்கு. ஆனா அது கடைசி சந்தேகமா இருக்கணும், முதல் சந்தேகமா இருக்கக் கூடாது. என் வரிசை இதுதான்:

1. போர்டைக் கழட்டிட்டு, சப்ளையில 12 வோல்ட் 21 வாட் வண்டி இண்டிகேட்டர் பல்பை மாட்டுங்க. கிட்டத்தட்ட 2 ஆம்ப் இழுக்கும். வோல்டேஜ் 12க்குக் கீழ போனா சப்ளைதான் குற்றவாளி.

2. பண்டிகை நேரத்துல, ராத்திரி, வீட்டு கரண்ட்டை அளங்க. 230 இருக்கவேண்டிய இடத்துல 180 இருந்தா, பவர் 40 சதவீதம் அங்கேயே காலி.

3. ஸ்பீக்கர் 4 ஓமா, 8 ஓமான்னு பாருங்க. 8 ஓம்னா பவர் ஏறக்குறைய பாதி.

4. இதெல்லாம் சரியா இருந்தும் கிழிஞ்சா, அப்போ ஐசி மேல கை வைங்க.

அப்புறம் அந்த 'ஆயிரம் வாட்'. பிஎம்பிஓ கணக்கு! அதுக்குப் பொதுவான அளவுமுறையே கிடையாது, ஆளாளுக்கு ஒரு நம்பர். இந்தப் புளுகு தாங்காமத்தான் அமெரிக்காவுல 1974லயே, ஆம்ப்ளிஃபயர் வாட்டை இப்படித்தான் அளந்து சொல்லணும்னு விதி போட்டாங்க. செட்டுக்குப் பின்னாடி '12 வோல்ட், 3 ஆம்ப்'னு போட்டிருந்தா உள்ள போறதே 36 வாட். வெளிய ஆயிரம் எங்கேர்ந்து வரும்?

கடைசியா நம்ம ஆளுங்களுக்கு ஒரு வார்த்தை. சர்க்யூட் படம் போட்டுப் பதிவு எழுதற நண்பர்களே, சப்ளை பகுதிய மட்டும் '12 வோல்ட் டிசி'ன்னு ரெண்டு வார்த்தையில முடிச்சிடறீங்களே, நியாயமா? எத்தனை ஆம்ப், எத்தனை மைக்ரோஃபாரட், எத்தனை ஓம்னு ஒரு வரி சேர்த்தா என்ன குறைஞ்சிடும்? நானும் அப்படி எழுதினவன்தான். பழைய பதிவெல்லாம் திருத்திக்கிட்டிருக்கேன்.

பையன் கதைக்கு வர்றேன். கனமான டிரான்ஸ்ஃபார்மர் ஒண்ணு, 4700 கெப்பாசிட்டர் ஒண்ணு. ஐசி? முதல்ல கழட்டிப் போட்டானே, அதையே திரும்ப மாட்டினோம். பாடுதுங்க. கிழியாம பாடுது.

"அண்ணா, அப்போ நான் பண்ணது தப்பில்லையா?"ன்னு கேட்டான். அவனுக்கு அதைச் சொல்ல ஒரு மீட்டர் போதுமா இருந்துச்சு :-)

பி.கு: மீதி மூணு ஐசியும் நல்லாத்தான் இருக்கு. அடுத்த ஆம்ப்ளிஃபயருக்கு ஆச்சு.