கம்பை ஊன்றித் தாண்டுகிறவளை வாசலிலேயே தடுக்கலாமா?



ஓட்டப் பந்தயம் என்றால் பி.டி. உஷாவை நம் எல்லோருக்கும் தெரியும். கிரிக்கெட் என்றால் வீட்டிலுள்ள வாண்டு கூடப் பத்துப் பேர் பெயரைக் கடகடவென்று ஒப்பிக்கும். ஆனால் வி.எஸ். சுரேகா, ரோஸி மீனா பால்ராஜ், பவித்ரா வெங்கடேஷ் என்று மூன்று பெயரைச் சொல்லிப் பாருங்கள். "யாரு அவங்க, சீரியல்ல நடிக்கிறவங்களா?" என்றுதான் கேட்பார்கள். மூன்று பேருமே நம்ம தமிழ்நாட்டுப் பெண்கள். மூன்று பேருமே 'போல் வால்ட்' வீராங்கனைகள்.

தமிழில் இதைக் கோலூன்றித் தாண்டுதல் என்பார்கள். எங்கள் கிள்ளை, பிச்சாவரம் பக்கம் ஆழமில்லாத தண்ணீரில் கம்பை ஊன்றித் தோணியைத் தள்ளுவார்கள். அங்கே கம்பை ஊன்றினால் தோணி முன்னால் போகும். இந்த விளையாட்டில் ஆளே மேலே போய்விடுகிறாள்! கண்ணாடி இழையில் செய்த நீளக் கம்பைத் தூக்கிக்கொண்டு முழு வேகத்தில் ஓடி வர வேண்டும். தரையிலுள்ள குழியில் முனையைக் குத்தியதும் கம்பு வில்லாய் வளையும். அது நிமிர்கிற வேகத்தில் தலைகீழாய் எழும்பி, குறுக்குக் கம்பி விழாமல் தாண்டி, அந்தப் பக்கம் மெத்தையில் விழ வேண்டும். தொடர்ந்து மூன்று தடவை தவறினால் ஆட்டம் முடிந்தது.

2014-ல் டெல்லியில் சுரேகா 4.15 மீட்டர் தாண்டித் தேசிய சாதனை படைத்தார். எட்டு வருஷம் அதை யாராலும் தாண்ட முடியவில்லை. 2022 அக்டோபரில் குஜராத்தில் நடந்த தேசிய விளையாட்டுப் போட்டியில் ரோஸி மீனா 4.20 மீட்டர் தாண்டினார். அதே மாதம் பெங்களூரில் 4.21 மீட்டர். அதாவது பதிமூன்றே முக்கால் அடி! நம்ம ஓட்டு வீட்டு முகட்டை அண்ணாந்து பார்த்தால் அந்த உயரம் புரியும். 2023 பிப்ரவரியில் கஜகஸ்தானின் அஸ்தானா நகரில் நடந்த ஆசிய உள்ளரங்கப் போட்டியில் பவித்ரா 4 மீட்டர் தாண்டி வெள்ளிப் பதக்கம் வாங்கினார். இதெல்லாம் பேப்பரில் ஒரு மூலையில் வந்தது. நாம்தான் அந்தப் பக்கத்தைப் படிக்காமல் வடாம் காயப்போட எடுத்துக்கொள்கிறோம்.

இன்னொரு விஷயம் தெரியுமா? ஆண்களுக்கு இந்தப் போட்டி 1896-ல் நடந்த முதல் ஒலிம்பிக்கிலேயே இருந்தது. பெண்களுக்கு எப்போது சேர்த்தார்கள்? 2000-ம் வருஷம், சிட்னியில்! நூற்று நான்கு வருஷம் வெளியே நிறுத்திவிட்டார்கள். பெண்ணுக்குத் தோளிலும் கையிலும் அவ்வளவு வலு கிடையாது என்பதுதான் ரொம்ப நாளைய நினைப்பு. முடசல் ஓடையிலிருந்து மீன் கூடையைத் தலையில் சுமந்து வருகிற அக்காமார்களை அவர்கள் பார்த்ததில்லை போலும்.

போலந்து நாட்டில் கிடினியா என்று ஒரு துறைமுக ஊர். நம்மைப் போலக் கடலோரத்துக்காரர்கள்தான். அந்த ஊரில் பிறந்தவர் அன்னா ரோகோவ்ஸ்கா. 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் 23 வயதில் வெண்கலம் வாங்கினார். 2009-ல் பெர்லினில் உலக சாம்பியன் போட்டி. ரஷ்யாவின் யெலினா இசின்பயேவாதான் ஜெயிப்பார் என்று உலகமே எண்ணியிருந்தது. அவரோ அன்றைக்கு ஒரு உயரத்தைக்கூடத் தாண்ட முடியாமல் வெளியேறினார். ரோகோவ்ஸ்கா 4.75 மீட்டர் தாண்டித் தங்கம் வாங்கினார். அப்போது வயது 28. இரண்டு வருஷம் கழித்து ஐரோப்பிய உள்ளரங்கப் போட்டியில் 4.85 மீட்டர் தாண்டி மறுபடியும் தங்கம். பயிற்சி கொடுத்தவர் யார் தெரியுமா? அவருடைய கணவரேதான்!

பெர்லினில் தோற்றுப்போன இசின்பயேவா மூலையில் உட்கார்ந்து அழவில்லை. பதினொரே நாளில் சூரிச் நகரில் 5.06 மீட்டர் தாண்டி உலக சாதனை படைத்தார். இவர் அப்பா பிளம்பர். அம்மா கடையில் வேலை பார்த்தவர். சின்ன வயதில் ஜிம்னாஸ்டிக்ஸ் கற்றுக்கொண்டவர், 15 வயதில் "ரொம்ப வளர்ந்துட்டே, இனி இது உனக்குச் சரிவராது" என்ற நிலை வந்ததும் கம்பைக் கையில் எடுத்தார்.

15 வயதில் அங்கே ஒரு பெண் ஆரம்பிக்கிறாள். அதே 15 வயதில் இங்கே நம் பெண் என்ன செய்கிறாள்? மைதானத்தை விட்டு வீட்டுக்கு வந்துவிடுகிறாள். எங்கள் தெருவில் ஒரு பெண் உயரம் தாண்டுவதில் பள்ளிகளுக்கு இடையே நடந்த போட்டியில் முதலாவதாக வந்தாள். ஒன்பதாவது படிக்கும்போது பெரியவளானாள். அதோடு சரி. "வயசுப் பொண்ணு அரை டிராயர் போட்டுக்கிட்டுக் குதிக்கிறதாவது?" என்றார் பாட்டி. "வெயில்ல கறுத்துட்டா எவன் கட்டுவான்?" என்றார் அத்தை. அவள் அம்மா வாயே திறக்கவில்லை. வாங்கி வந்த கோப்பை ஷோகேசில் தூசி படிந்து நிற்கிறது.

சகோதரிகளே, அரசாங்கத்தைத் திட்டுவது சுலபம். ஆனால் முதல் தடை மைதானத்தில் இல்லை, நம் வீட்டு வாசலில்தான் இருக்கிறது. அதை வைத்திருப்பவர்களும் பெரும்பாலும் அம்மாக்களும் பாட்டிகளுமே!

"விழுந்து கையைக் காலை உடைச்சுக்கிட்டா?" என்று ஒரு தாய் கேட்டால் அது நியாயமான பயம். தோளில், முதுகில், கணுக்காலில் அடிபடக்கூடிய விளையாட்டுதான் இது. மூங்கில் கழியை வைத்துக்கொண்டு வாய்க்கால் மேட்டில் பழகக் கூடாது. கனமான மெத்தையும், தெரிந்த பயிற்சியாளரும் கட்டாயம் வேண்டும். கம்பு கூட ஆளின் எடைக்குத் தகுந்ததாய் இருக்க வேண்டும். பெண் வளர வளர, முன்பு வாங்கிய சட்டை பத்தாமல் போவது போல, பழைய கம்பும் உதவாமல் போகும். ஒவ்வொரு கம்பும் நம் குடும்பச் செலவுக்குக் கட்டுப்படியாகாத விலை. பஸ்ஸில் ஏற்றவும் முடியாது. இங்கேதான் அரசாங்கத்தைக் கேட்க வேண்டும். மாவட்டத் தலைநகரிலாவது, நம்ம கடலூர் அண்ணா விளையாட்டரங்கம் போன்ற இடங்களில், நல்ல மெத்தையும் பல அளவில் கம்புகளும் பெண்கள் பழகுவதற்கென்றே இருக்க வேண்டும். சாயங்காலம் பயிற்சி முடிந்து பெண்கள் பத்திரமாய் வீடு திரும்ப பஸ் வசதியும் வேண்டும்.

"இதனால சோறு கிடைக்குமா?" என்பார்கள் நம் வீட்டு ஆண்கள். தமிழக அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத இட ஒதுக்கீடு இருக்கிறது. ரயில்வேயிலும் விளையாட்டுக் கோட்டா உண்டு. விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் தங்க இடமும் சாப்பாடும் பயிற்சியும் கொடுத்து விடுதிகள் நடத்துகிறது. எல்லோருக்கும் பதக்கம் கிடைக்காதுதான். படிக்கிற பெண்கள் எல்லோரும் கலெக்டராகிவிடுகிறார்களா? அதற்காகப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமலா இருக்கிறோம்?

நம்மால் ஆகக்கூடியது இதுதான். பெண் பெரியவளான பிறகும் விளையாட்டுப் பீரியடுக்கு அவளை அனுப்புவோம். தலைவலி, வயிற்றுவலி என்று நாமே லீவு லெட்டர் எழுதிக் கொடுக்க வேண்டாம். பையனுக்கு வைக்கிற முட்டையை அவளுக்கும் வைப்போம். பள்ளி விளையாட்டு விழாவுக்கு ஒருநாள் சமையலைச் சீக்கிரம் முடித்துவிட்டுப் போய் உட்காருவோம். அம்மா பார்க்கிறாள் என்று தெரிந்தால் அவள் இன்னும் ஒரு சாண் அதிகமாய்த் தாண்டுவாள்!

எத்தனை மீட்டர் தாண்டலாம் என்பதை அந்தப் பெண்ணும் அவள் கையிலுள்ள கம்பும் முடிவு செய்யட்டும். பக்கத்து வீட்டுக்காரி என்ன சொல்வாளோ என்கிற பயம் முடிவு செய்ய வேண்டாம். என்ன சகோதரிகளே, நான் சொல்வது சரிதானே?

– கிள்ளையிலிருந்து ஒரு வாசகி