ட்ரான்ஸிட்: கிளம்பியாச்சு... வந்து சேரல!

ஆன்லைன்ல புக் ஆர்டர் பண்ணிட்டு, எங்க இருக்குன்னு பார்த்தா 'இன் ட்ரான்ஸிட்'னு காட்டுதா? கிளம்பிடுச்சு, இன்னும் வந்து சேரல, வழியில இருக்குன்னு அர்த்தம். இந்த வாரம் நம்ம வார்த்தை அதுதான்.

லத்தீன் மொழியில் 'ட்ரான்ஸ்' என்றால் குறுக்கே, அந்தப் பக்கம். 'ஈரே' என்றால் போவது. சேர்த்தால், கடந்து போவது.

வெளிநாட்டில் படிக்கப் போறவங்களுக்கு 'ட்ரான்ஸிட் விசா' தெரிஞ்சிருக்கணும். நடுவில் ஒரு நாட்டில் விமானம் மாறுகிறீர்கள்; அங்கே தங்கப் போவதில்லை. அதற்கும் சில நாடுகள் தனி விசா கேட்கும். டிக்கெட் போடறதுக்கு முன்னாடியே விசாரிச்சுடுங்க!

சென்னையில் 1995-ல் ஓட ஆரம்பித்த பறக்கும் ரயிலுக்கு எம்.ஆர்.டி.எஸ். என்று பெயர். அதில் 'டி' நம்ம ட்ரான்ஸிட்தான். இங்கே அர்த்தம், நகரத்துக்குள் மக்கள் போய்வரும் போக்குவரத்து.

வானத்திலும் ட்ரான்ஸிட் உண்டு. 2004-லும் 2012-லும் சூரியனுக்கு முன்னால் சின்னப் புள்ளியாக வெள்ளி கடந்து போனதே, அது 'ட்ரான்ஸிட் ஆஃப் வீனஸ்'. மறைத்தால் கிரகணம், கடந்து மட்டும் போனால் ட்ரான்ஸிட். அடுத்தது 2117-ல்! அம்மா காலண்டரில் பார்க்கிற குருப்பெயர்ச்சியையும் ஆங்கில ஜோசியர்கள் ட்ரான்ஸிட் என்றுதான் எழுதுவார்கள்.

'ட்ரான்ஸிஷன்' இதோட அக்கா. ஆனா குணம் வேற. ட்ரான்ஸிட்டில் இடம்தான் மாறும். ட்ரான்ஸிஷனில் நிலையே மாறும். பார்சல் போவது ட்ரான்ஸிட். ஸ்டூடன்ட் எம்ப்ளாயி ஆவது ட்ரான்ஸிஷன். இன்டர்வியூவில் மாத்திச் சொல்லிடாதீங்க, உங்களைப் பார்சல்னு நினைச்சுடுவாங்க!

கிராமர் கிளாஸ்ல வர்ற 'ட்ரான்ஸிடிவ் வெர்ப்'பும் இதே குடும்பம்தான். செயல் நேரே ஆப்ஜெக்டுக்குக் கடந்து போகும். நடுவில் ப்ரிபோஸிஷன் தேவையில்லை. 'டிஸ்கஸ்' அந்த வகை. குரூப் டிஸ்கஷனில் 'லெட் அஸ் டிஸ்கஸ் அபவுட் த டாபிக்' என்று ஆரம்பித்தால், முதல் வரியிலேயே தப்பு. 'லெட் அஸ் டிஸ்கஸ் த டாபிக்', அவ்வளவுதான். 'அபவுட்'டை விட்டுடுங்க.

உங்களுக்கு ஒரு வேலை: 'த கிளாஸ் வாஸ் ப்ரோக்கன் இன் ______.' ட்ரான்ஸிட்டா, ட்ரான்ஸிஷனா? கண்ணாடி நிலை மாறினது வழியில்தானே... யோசிங்க!