சூரியன் வீட்டுக் கடுகு

அடுப்பை விட்டு இரண்டடி தள்ளி நின்றால் சூடு குறையும். கூடத்துக்கு வந்துவிட்டால் இன்னும் குறையும். இதை உங்களுக்கு எந்த விஞ்ஞானியும் வந்து சொல்ல வேண்டியதில்லை. ஆனால் சூரியனிடம் இந்த நியாயம் செல்லாது, நேயர்களே! அதன் மேற்பரப்பின் உஷ்ணம் சுமார் 5,500 டிகிரி ஸென்டிகிரேட். முழுக் கிரகணத்தின்போது சூரியனைச் சுற்றி முத்து வெண்மையாய் ஒளிவிடுகிற மகுடம் இருக்கிறதே, அதன் உஷ்ணமோ 10 லட்சம் டிகிரிக்கும் மேல்!

1869-ஆம் வருஷத்துக் கிரகணத்தில் அந்த மகுடத்தின் ஒளியைப் பிரித்துப் பார்த்தவர்கள் பச்சைக் கோடு ஒன்றைக் கண்டார்கள். பூமியில் இல்லாத புதுப் பொருள் என்று எண்ணி, 'கொரோனியம்' என்று நாமகரணமும் செய்துவிட்டார்கள். சுமார் எழுபது வருஷம் கழித்துத்தான் குட்டு வெளிப்பட்டது. ஜெர்மனியின் க்ரோட்ரியன், ஸ்வீடனின் எட்லென் இருவருடைய ஆராய்ச்சியில், அது சாக்ஷாத் நம் தோசைக் கல்லின் இரும்புதான் என்று தெரிந்தது! தன் 26 எலெக்ட்ரான்களில் 13-ஐப் பறிகொடுத்த இரும்பு. அப்படிப் பறிகொடுக்க லட்சக் கணக்கான டிகிரி உஷ்ணம் வேண்டும்.

அந்தச் சூடு எப்படி வந்தது?

சூரியனின் மேற்பரப்பு உலைப் பானை மாதிரி ஓயாமல் கொதிக்கிறது. ஒவ்வொரு கொப்புளமும் சுமார் 1,000 கிலோ மீட்டர் அகலம். சில நிமிஷங்களில் ஒன்று அடங்கி வேறொன்று கிளம்புகிறது. இந்தக் கொந்தளிப்பில் அகப்பட்ட காந்தக் கோடுகள் ஒன்றோடொன்று முறுக்கிக்கொள்கின்றன. (கோடு என்பது நம் சௌகரியத்துக்கு, கண்ணுக்குத் தெரியாது.) முறுக்கு மிஞ்சினால் அறுந்து, வேறு விதமாக இணைந்து, அடக்கி வைத்த சக்தியைக் கக்கிவிடுகின்றன.

இப்படி எண்ணற்ற சின்னஞ்சிறு வெடிப்புகளே மகுடத்தைச் சூடாக்குகின்றன என்று 1988-ல் அமெரிக்க விஞ்ஞானி யூஜீன் பார்க்கர் சொன்னார். அலைகள்தாம் காரணம் என்று ஒரு கட்சியும் உண்டு; வழக்கு இன்னும் தீரவில்லை. தாளிக்கிற கரண்டியைப் பாருங்கள். கடுகெல்லாம் ஒரே சமயத்தில் வெடிக்கிறதா? இங்கே ஒன்று, அங்கே நாலு, கொஞ்சம் மௌனம், பிறகு படபடவென்று! சூரியனின் காந்த சக்தியும் இப்படி விட்டு விட்டுத்தான் வெடிக்கிறது. கணக்குப் போடுகிறவர்களை இந்தக் குணம்தான் திணற அடிக்கிறது.

திணறினால் நமக்கென்ன என்று இருந்துவிட முடியாது. சூரியனில் கிளம்பிய ஒரு பெரிய வெடிப்பினால் பூமியின் காந்த மண்டலமே கலங்கி, 1989 மார்ச் 13-ந் தேதி கனடாவின் க்யூபெக் மாகாணத்தில் இரண்டு நிமிஷத்துக்குள் மின்சாரம் நின்றது. அந்தக் குளிரில் 60 லட்சம் பேர் ஒன்பது மணி நேரம் தவித்தார்கள்.

அதனால்தான் காவல் தேவைப்படுகிறது. நம் கோடைக்கானல் ஆராய்ச்சி நிலையம் நூறு வருஷங்களுக்கு மேலாகச் சூரியனைப் படம் பிடித்து வருகிறது. 2023 செப்டம்பரில் இந்தியா அனுப்பிய ஆதித்யா-எல்1 விண்கலம் 15 லட்சம் கிலோ மீட்டர் தூரத்தில் நின்று பார்க்கிறது. அதன் திட்ட இயக்குநர் செங்கோட்டையைச் சேர்ந்த நிகார் ஷாஜி என்ற பெண்மணி. எழுதும்போதே பேனா கொஞ்சம் நிமிர்கிறது! அதில் உள்ள ஒரு கருவி சூரிய வட்டத்தைத் தானே மறைத்துக்கொண்டு, கிரகணத்துக்குக் காத்திராமல் மகுடத்தைப் பார்க்கும். 1869-ல் எல்லோரையும் திகைக்க வைத்த அந்தப் பச்சைக் கோட்டை ஆராயவும் அதில் வசதி செய்திருக்கிறார்கள்.