ரிவால்வர்: சாதாரணமா, எடை குறைந்ததா?

“தோட்டத்துச் சாளையில் நானும் மனைவியும் மட்டும்தான் இருக்கிறோம். பக்கத்து வீடு அரை கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. பாதுகாப்புக்காக விண்ணப்பித்து, கைத்துப்பாக்கி உரிமம் வாங்கிவிட்டேன். சாதாரண .32 ரிவால்வர் வாங்கலாமா, கூடுதல் விலை கொடுத்து எடை குறைந்த ‘நிர்பீக்’ வாங்கலாமா? மக்காச்சோளத்தில் இறங்கும் காட்டுப்பன்றிக்கும் அது உதவுமா?”

- பெயர் வெளியிட விரும்பாத வாசகர், ஈரோடு மாவட்டம்.

“முதலில் பன்றி விஷயத்தைப் பார்த்துவிடுவோம். எந்த ரிவால்வரும் காட்டுப்பன்றிக்கு ஆகாது. .32 தோட்டா சிறியது; வேகமும் குறைவு. தடித்த தோலும் கொழுப்பும் உள்ள பன்றியை அது உடனே சாய்க்காது. காயம்பட்ட பன்றி திரும்பிப் பாய்ந்தால், இருட்டில் வரப்பில் நிற்கிற நீங்கள்தான் மாட்டிக்கொள்வீர்கள்.

சட்டமும் அதற்கு இடம் தரவில்லை. காட்டுப்பன்றி, 1972-ம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருகிறது. தமிழக அரசு 2025 ஜனவரியில் அறிவித்தபடி, காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் பன்றியைச் சுட அனுமதி இல்லை. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை கூண்டு வைத்துப் பிடித்துக் காட்டில் விடலாம். 3 கிலோமீட்டருக்கு அப்பால்தான் சுடலாம். அதையும் பயிற்சி பெற்ற வனத்துறை ஊழியர்கள்தான் செய்ய வேண்டும். ஆகவே பன்றித் தொல்லைக்கு வனச்சரக அலுவலகத்தில் மனு கொடுங்கள். பயிர்ச் சேதத்துக்கான இழப்பீட்டையும் அங்கேயே கேளுங்கள்.

விண்ணப்பிக்க நினைக்கும் மற்ற வாசகர்களுக்கும் ஒரு தகவல். 1959-ம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தில், பயிர்ப் பாதுகாப்புக்கென்று சொல்லியிருப்பது குழல் வாய் வழியாக மருந்து இடித்து நிரப்பும் நாட்டுத் துப்பாக்கியைத்தான். அது போதாது என்று அதிகாரி கருதினால், உள்ளே வரி வெட்டாத வழுவழுப்பான குழல் கொண்ட வேறு துப்பாக்கிக்கு அனுமதி தரலாம். ரிவால்வர் இந்தப் பட்டியலிலேயே இல்லை. அதற்கு உயிர்ப் பாதுகாப்பு போன்ற தகுந்த காரணத்தைக் காட்ட வேண்டும். விண்ணப்பிப்பவருக்கு 21 வயது நிறைந்திருக்க வேண்டும். 2019-ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு உரிமம் 5 ஆண்டுகளுக்குச் செல்லும்.

இனி நீங்கள் கேட்ட ஒப்பீடு. இரண்டு ரிவால்வர்களும் கான்பூரில் உள்ள அரசு ஆயுதத் தொழிற்சாலைகளின் தயாரிப்புகள்தான். இரண்டிலும் போடுவது ஒரே .32 தோட்டா. இரண்டுக்கும் 6 தோட்டாக்கள். இரட்டைக்குழல் துப்பாக்கியை மடித்துத் திறப்பதுபோல, இரண்டையும் நடுவில் மடித்துத் திறந்துதான் தோட்டா நிரப்ப வேண்டும். பிறகு என்ன வித்தியாசம்? உலோகமும் எடையும்தான். சாதாரண ரிவால்வர் ஏறக்குறைய 700 கிராம் இருக்கும். 2014-ல் வந்த நிர்பீக், டைட்டானியம் கலந்த உலோகத்தில் செய்யப்பட்டது. சுமார் 500 கிராம்தான். வந்த புதிதிலேயே அதன் விலை 1 லட்சத்து 20 ஆயிரம் ரூபாயைத் தாண்டியிருந்தது.

அதாவது, கூடுதலாகக் கொடுக்கிற பணம் அந்த 200 கிராமுக்குத்தான். தோட்டா வேகமாகப் போகாது, தூரமும் கூடாது. தினமும் இடுப்பில் கட்டிக்கொண்டு சந்தைக்கும் வங்கிக்கும் போகிறவருக்கு 200 கிராம் குறைவது பெரிய நிம்மதி. பெட்டியில் பூட்டி வைத்து, ஆபத்து நேரத்தில் மட்டும் எடுக்கப்போகிற உங்களுக்கு அதில் லாபம் ஒன்றும் இல்லை.

லாபம் இல்லாததோடு ஒரு நட்டமும் உண்டு. எடை குறைந்தால் உதைப்பு கூடும். மண்வெட்டியைப் பிடித்தவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. பாரமான மண்வெட்டி அதிர்வைத் தானே வாங்கிக்கொள்ளும்; லேசானது அதைக் கைக்குக் கடத்திவிடும். ஒரே தோட்டாவை 700 கிராம் துப்பாக்கியிலும் 500 கிராம் துப்பாக்கியிலும் சுட்டால், லேசானதில் உதைக்கும் ஆற்றல் ஏறக்குறைய 1.4 மடங்கு. முதல் குண்டு போனதும் குழல் மேலே தூக்கும். அடுத்ததற்குக் குறி பிடிக்க நேரமாகும். வயதானவர்களுக்கும் மணிக்கட்டு வலி உள்ளவர்களுக்கும் இது இன்னும் சிரமம். வலிக்கிறது என்று பயிற்சியை விட்டுவிடுகிறவர்களும் உண்டு. உங்கள் தேவைக்குச் சாதாரண .32 ரிவால்வரே போதும்.

‘பிரபல்’ என்ற மேம்பட்ட ரிவால்வரும் 2023-ல் வந்திருக்கிறது. அதுவும் .32 தான், எடை சுமார் 700 கிராம். துப்பாக்கியை மடிக்காமல், தோட்டா உருளையை மட்டும் பக்கவாட்டில் வெளியே தள்ளி நிரப்பலாம். விசையை இழுப்பதும் எளிது என்கிறார்கள். 50 மீட்டர் வரை எட்டும் என்பதைச் சிறப்பாகச் சொல்லி விற்கிறார்கள். ஆனால், வீட்டுக்குள் ஆபத்து வருவது அறையின் அகல தூரத்தில்தான். 50 மீட்டருக்கு அப்பால் நிற்பவன் யார் என்றே இரவில் தெரியாது. எளிதான விசை பிடித்திருந்தால் பிரபலை வாங்கலாம். தூரத்துக்காக வாங்க வேண்டாம்.

கடைக்குப் போனால் விளம்பரத்தாளைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். தோட்டா இல்லை என்பதை இரண்டு முறை சரிபார்த்து, கடைக்காரரின் அனுமதியோடு ஒவ்வொன்றையும் கையில் பிடியுங்கள். சுவரில் ஒரு புள்ளியைக் குறிவைத்து, விசையை 6 முறை இழுங்கள். எதில் கை நடுங்காமல் புள்ளியிலேயே நிற்கிறதோ, அதுதான் உங்களுக்கானது.

மிச்சமாகும் பணத்தில் இரண்டு காரியம் செய்யுங்கள். முதலாவது, பயிற்சி. உரிமத்துக்காக வாங்கிய பயிற்சிச் சான்றிதழோடு நின்றுவிட வேண்டாம். கோவை போன்ற ஊர்களில் ரைபிள் கிளப் இருக்கிறது. இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது போய்ச் சுட்டுப் பழகுங்கள். இரண்டாவது, சுவரில் பதித்த இரும்புப் பெட்டி. பூச்சிமருந்தை எப்படிக் குழந்தைகள் கைக்கு எட்டாமல் பூட்டி வைக்கிறீர்களோ, அப்படித்தான் இதுவும். விடுமுறைக்குப் பேரப்பிள்ளைகள் வரும்போது, தலையணைக்கு அடியில் துப்பாக்கி இருக்கவே கூடாது. வீட்டில் யாருக்காவது குடிப்பழக்கமோ, மன உளைச்சலோ, தீராத சண்டையோ இருந்தால், உரிமம் கையில் இருந்தாலும் துப்பாக்கி வாங்காதீர்கள். திருடன் வருவது என்றோ ஒரு நாள். வீட்டுக்குள் இருக்கிற கோபம் தினமும் துப்பாக்கிக்குப் பக்கத்திலேயே படுத்திருக்கும்.

சுடும் உரிமைக்கும் எல்லை உண்டு. 2024 ஜூலையிலிருந்து நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவிலும் தற்காப்பு உரிமை இருக்கிறது. ஆனால், தேவைக்கு மேல் தீங்கு செய்யக் கூடாது என்கிறது அந்தச் சட்டம். உயிருக்கு ஆபத்து வரும்போது, இரவில் வீட்டை உடைத்து நுழையும்போது என்பது வேறு. தேங்காய் திருடுகிறவனையும், பயந்து ஓடுகிறவனையும் சுடுவது வேறு. பின்னதைச் செய்தால் குற்றவாளிக் கூண்டில் நிற்கப்போவது நீங்கள்தான்.”

“கணவர் வெளியூர் வேலைக்குப் போய்விடுவார். தோட்டத்தில் நானும் மாமியாரும்தான். பெண்களுக்கு ஏற்ற சின்ன ரிவால்வர் என்று ‘நிடர்’ பற்றிச் சொல்கிறார்கள். கணவர் பெயரில் வாங்கி நான் வைத்துக்கொள்ளலாமா?”

- வாசகி, திருப்பூர் மாவட்டம்.

“கூடாது, அம்மா. உரிமம் யார் பெயரில் இருக்கிறதோ, அவர்தான் துப்பாக்கியை வைத்திருக்க முடியும். கணவரின் உரிமத்தில் அவர் ஊரில் இல்லாதபோது நீங்கள் எடுத்துப் பயன்படுத்தினால், இருவர் மீதும் வழக்கு வரும். உங்களுக்குத் தேவை என்றால் உங்கள் பெயரிலேயே விண்ணப்பியுங்கள்.

நிடர், .22 தோட்டா போடும் துப்பாக்கி. எடை 250 கிராம்தான். கைப்பைக்குள் அடங்கும், உதைப்பும் அதிகம் இருக்காது. ஆனால், .32-ஐ விடவும் வலுக் குறைந்தது. குழலும் மிகக் குட்டையாக இருப்பதால் குறி எளிதில் தவறும். ‘சின்னது’ என்றால் ‘சுலபமானது’ என்று அர்த்தம் இல்லை. சின்னத் துப்பாக்கிக்குத்தான் பயிற்சி அதிகம் தேவை.

விண்ணப்பம் முடிவாகச் சில மாதங்கள் ஆகலாம். அதுவரை காத்திருக்காமல், வாசலுக்கும் மாட்டுத்தொழுவத்துக்கும் விளக்குப் போடுங்கள். கதவுக்கு உள்பக்கம் குறுக்குத் தாழ்ப்பாள் வையுங்கள். நல்ல நாட்டு நாய் ஒன்று வளருங்கள். பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் நான்கைந்து பேரின் எண்களையும் காவல் நிலைய எண்ணையும் போனில் முதலில் வருமாறு பதிந்துகொள்ளுங்கள். அவசரத்துக்கு 112. இவற்றுக்கு உரிமம் தேவையில்லை. இன்று மாலையே தொடங்கிவிடலாம்.”