மலை ஒன்று, துண்டுகள் இரண்டு

திருவனந்தபுரத்தில் குழாயைத் திறந்தால் வருவது பெரும்பாலும் கரமனை ஆற்றுத் தண்ணீர். அகத்தியமலைச் சரிவில் பிறந்து, பேப்பாறை அணையில் தேங்கி, அருவிக்கரை வழியாக நகருக்கு வருகிறது. காடு இருப்பதால்தான் கோடையிலும் ஆற்றில் நீர் இருக்கிறது. ஆனால் அந்தக் காடு மெல்ல ஒரு தீவாகி வருகிறது என்பது தலைநகரில் அதிகம் பேசப்படாத விஷயம்.

தீவின் வடகரை செங்கோட்டைக் கணவாய். அதற்குத் தெற்கே நெய்யாறு, பேப்பாறை, செந்துருணி சரணாலயங்களும் தமிழகத்தின் களக்காடு-முண்டந்துறை புலிகள் காப்பகமும். வடக்கே அச்சன்கோவில், கோன்னி, ராந்நி காடுகளைத் தாண்டிப் பெரியாறு. மலை தாழும் இந்த இடத்தில்தான் மனிதன் கடந்தான். 1904இல் கொல்லம்-செங்கோட்டை ரயில் பாதை வந்தது. பக்கத்திலேயே நெடுஞ்சாலை. பிறகு ரப்பர், தேக்குத் தோட்டங்கள், கடைகள், வீடுகள். மீட்டர் கேஜ் பாதை அகலப்பாதையாகி 2018இல் மீண்டும் ரயில் ஓடத் தொடங்கியது. இப்போது கடம்பாட்டுகோணத்திலிருந்து ஆரியங்காவு நோக்கிப் புதிய நான்குவழிச் சாலைக்கும் திட்டம் வகுக்கப்பட்டிருக்கிறது.

இவற்றில் ஏதாவது ஒன்றை மட்டும் எடுத்தால் பெரிய தடையல்ல. யானை ஒரு தண்டவாளத்தைக் கடந்துவிடும். தண்டவாளம், சாலை, சுவர், வேலி, ராத்திரி முழுக்க லாரி வெளிச்சம் என்று அடுத்தடுத்து வந்தால் திரும்பிவிடும். தெற்கே உள்ள யானைகளும் வடக்கே உள்ளவையும் கலக்காவிட்டால் சில தலைமுறைகளில் தெற்குக் கூட்டம் தனக்குள்ளேயே இனம் பெருக்கிப் பலவீனப்படும். வறட்சியோ நோயோ வந்தால் ஒதுங்க இடமும் இருக்காது. 2016இல் யுனெஸ்கோ பட்டியலில் அகத்தியமலை உயிர்க்கோளக் காப்பகம் இடம்பெற்றது. 2022இல் தமிழகப் பகுதியில் 1,197 சதுர கி.மீ. யானைகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. பட்டங்களுக்குக் குறைவில்லை. வழிதான் குறைகிறது.

வழியை அடைத்த பிறகு திறக்க எவ்வளவு பாடுபட வேண்டும் என்பதற்குக் கோவை அருகே மதுக்கரை-வாளையார் பாதை உதாரணம். 2021 நவம்பரில் ஒரே ரயிலில் மூன்று யானைகள் அடிபட்டுச் செத்தன. அதன் பின்னரே தண்டவாளத்துக்கு அடியில் யானைகளுக்கான சுரங்க வழிகள் வந்தன. 2024இல் யானை நெருங்குவதைக் கண்டறியும் கேமராக்களும் வந்தன. ஓடிக்கொண்டிருக்கும் பாதைக்கு அடியில் தோண்டுவது சிரமம், செலவும் அதிகம்.

முன்கூட்டியே யோசித்தால் பலன் கிடைக்கும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. மத்தியப் பிரதேச-மகாராஷ்டிர எல்லையில் பெஞ்ச் காட்டை ஊடுருவும் 44ஆம் எண் நெடுஞ்சாலையை அகலப்படுத்தியபோது, நீண்ட இழுபறிக்குப் பின் ஒன்பது இடங்களில் சாலையைத் தூண்கள் மீது உயர்த்தினார்கள். மிக நீளமானது 750 மீட்டர். 2019இல் இந்திய வனவிலங்கு நிறுவனம் வைத்த கேமராக்களில் புலி உட்பட 18 வகை விலங்குகள் அடியில் நடந்துபோவது பதிவானது.

ஆனால் பெஞ்சை அப்படியே செங்கோட்டைக்குக் கொண்டுவர முடியாது. இது மலைப்பாதை. சாலைக்காகச் சரிவை வெட்டினால் ஒரு பக்கம் செங்குத்துச் சுவர், மறுபக்கம் பள்ளம். அங்கே கட்டும் சுரங்க வழி யானைக்கு எட்டாது. சிங்கவால் குரங்குக்கோ தரையில் வழி வைத்துப் பயனில்லை, அதற்கு மரக்கிளைகள் சேர வேண்டும். வால்பாறையில் சாலைக்கு மேலே கட்டிய தொங்குபாலங்களில் இந்தக் குரங்குகள் கடக்கின்றன. மலையைக் குடையும் குகைப்பாதை போகும் இடத்தில் மேலே காடு அப்படியே நிற்கும். எது எங்கே பொருந்தும் என்பதை எல்லாப் பருவத்திலும் விலங்குகளின் தடம் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

சட்டம் அவ்வளவு கேட்பதில்லை. 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதிப்பு மதிப்பீட்டு அறிவிக்கையின் பட்டியலில் ரயில் பாதையே கிடையாது. காட்டு நிலத்துக்கும் சரணாலயத்துக்கும் தனி அனுமதி தேவை என்பது உண்மை. ஆனால் யானை நடக்கும் இடம் ரப்பர் தோட்டமாக இருந்தால் அந்த அனுமதியின் கண்ணில் அது படாது. ஒவ்வொரு திட்டமும் தனித்தனிக் கோப்பாகப் போகிறது. ரயிலும் பழைய சாலையும் புதிய சாலையும் சேர்ந்து என்ன செய்யும் என்ற கேள்விக்குக் கோப்பே இல்லை.

செங்கோட்டைக் கணவாய்க்கு வேண்டியது அந்தக் கோப்புதான். இரு மாநில வனத்துறைகளும் ரயில்வேயும் நெடுஞ்சாலைத் துறையும் ஒரே வரைபடத்தில் கையெழுத்திட வேண்டும். முதலில் யானை போகும் இடங்கள், பிறகு சாலை போகும் கோடு. இப்போதைக்குப் புதிய சாலை காகிதத்தில்தான் இருக்கிறது. காகிதத்தில் கோட்டை நகர்த்த ஓர் அழிரப்பர் போதும்.