சட்டத்தின் பெயரிலேயே நாம் இருந்தோம்

எமது இலக்கியக் கூட்டங்களில் அடிக்கடி காதில் விழும் ஒரு கூற்றோடு எனக்கு நெடுநாளாகவே உடன்பாடில்லை. பிரஜாவுரிமைப் பிரச்சினை மலையகத் தமிழரின் பிரச்சினை. முஸ்லிம்களாகிய எமக்கு அதில் அனுதாபம் இருக்கலாம், அனுபவம் இல்லை என்பதே அந்தக் கூற்று. மேடையில் இது சொல்லப்படும்போது யாரும் மறுப்பதில்லை. மறுக்க வேண்டியவர்கள் அந்நேரம் தேநீர் குடிக்கப் போயிருப்பார்கள்.

சட்டத்தின் பெயரை ஒரு தடவை முழுமையாக வாசித்தாலே இந்தப் பேச்சு நின்றுவிடும். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வம்சாவளியைக் காட்ட முடியாதவர்களை வெளியே நிறுத்தியது. அப்படி நின்றவர்களில் சிலரைப் பரீட்சித்து உள்ளே எடுப்பதற்காகக் கொண்டுவரப்பட்டது 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டம். அதன் பெயர் இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் பிரஜாவுரிமைச் சட்டம். ‘பாகிஸ்தானிய’ என்ற சொல் அங்கே அலங்காரத்துக்காக வந்து உட்காரவில்லை. புறக்கோட்டையில் கடை வைத்திருந்த மேமன்களும், போராக்களும், காயல்பட்டினத்திலிருந்தும் கீழக்கரையிலிருந்தும் அதிராம்பட்டினத்திலிருந்தும் வந்திருந்த தமிழ் பேசும் முஸ்லிம்களும் தேயிலைத் தோட்டத் தொழிலாளி நின்ற அதே வரிசையில்தான் நிறுத்தப்பட்டார்கள். கரையோரச் சோனகர், இந்தியச் சோனகர், சம்மான்காரர் என்று நாம் வெவ்வேறு தொனிகளில் அழைத்த இவர்கள் 1946ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் 35,000க்குச் சற்று அதிகமானோர். பெரிய தொகையல்லதான். ஆனால் சம்மாங்கோட்டுப் பள்ளிவாசல் இன்று சுற்றுலாப் பயணிகளின் படங்களிலெல்லாம் சிவப்பும் வெள்ளையுமாக நிற்கிறதே, அதைக் கட்டியெழுப்பியவர்கள் இந்த வணிகர்களின் முன்னோர்தாம்.

அந்தப் பரீட்சையின் விதிகளைப் பார்ப்போம். நான் சட்டம் படித்தவனல்லன். எனினும் இந்த விதிகளைப் புரிந்துகொள்ளச் சட்டத்தரணி தேவையில்லை. 1946 ஜனவரி 1ஆம் திகதிக்கு முன்னர், திருமணமானவராயின் 7 வருடங்களும், திருமணமாகாதவராயின் 10 வருடங்களும் இடையறாது இலங்கையில் வசித்திருக்க வேண்டும். அதன் பின்னரும், விண்ணப்பிக்கும் நாள் வரை, அந்த வதிவு தொடர வேண்டும். ஒரே தடவையில் 12 மாதங்களுக்கு மேல் நாட்டைவிட்டு வெளியே இருந்தால் தொடர்ச்சி அறுந்துபோகும். போதிய வருமானமோ தகுந்த தொழிலோ காட்ட வேண்டும். விண்ணப்பிக்கக் கொடுத்த அவகாசம் இரண்டு வருடங்கள். 1951 ஆகஸ்ட் 5ஆம் திகதியோடு கதவு மூடப்பட்டது.

இவை யாவும் ஒருபுறமிருக்க, என்னை உறுத்துவது இன்னொரு விதி. திருமணமான ஆண் விண்ணப்பித்தால் அவரது மனைவியும் அவரில் தங்கி வாழும் வயது குறைந்த பிள்ளைகளும் இந்நாட்டிலேயே இடையறாது வசித்திருக்க வேண்டும். தோட்ட லயத்தில் குடும்பத்தோடு வாழ்ந்தவருக்கு இது ஓரளவு எட்டக்கூடிய விதி. அவருக்கும் அத்தாட்சிப் பத்திரங்களில் ஆயிரம் தடைகள் இருந்தன என்பது வேறு. ஆனால் காயல்பட்டினத்துச் சபராளிக்கு இந்த ஒரு விதி மட்டுமே போதும், அவர் கதை முடிந்துவிடும்.

ஏனென்றால் அவ்வூரில் வீடு பெண்ணுக்குரியது. திருமணமானால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவார். அவர் கொழும்புக்கும் மலாயாவுக்கும் சபர் போய் உழைத்து அனுப்புவார். அவள் தாயோடும் சகோதரிகளோடும் தன் வீட்டிலேயே இருப்பாள். அந்த ஆண் கொழும்பில் முப்பது வருடம் கடை நடத்தியிருக்கலாம். கடைக்கு வரி கட்டியிருக்கலாம், பள்ளிவாசலுக்குச் சந்தா கொடுத்திருக்கலாம், சிங்களம் சரளமாகப் பேசலாம், இங்கேயே கபுறடங்கவும் நினைத்திருக்கலாம். சட்டத்தின் பார்வையில் அவர் இங்கே குடியமர்ந்தவரல்லர். மனைவி எங்கே என்று கேட்கிறது சட்டம். அவள் தன் வீட்டில் இருக்கிறாள் என்பதுதான் பதில். அந்தப் பதிலே அவரைத் தகுதியற்றவராக்குகிறது.

இப்போது கல்முனைக்கும் காத்தான்குடிக்கும் வாருங்கள். அங்கேயும் வீடு பெண்ணுக்கே. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போகிறார். கடலுக்கு இந்தப் பக்கம் எமது பண்பாட்டின் தனித்துவம் என்று ஆய்வுக் கட்டுரை எழுதப்படும் அதே வழக்கம், அந்தப் பக்கத்திலிருந்து வந்தவனுக்குப் பிரஜாவுரிமையை மறுக்கும் காரணமாயிற்று. இன்னுமொன்று. 1970களின் பிற்பகுதியிலிருந்து எமது ஊர்களின் ஆண்கள் வளைகுடா நாடுகளில் வருடக் கணக்கில் கிடக்கிறார்கள், மனைவி பிள்ளைகள் இங்கே. பணம் இங்கே வருகிறது. அவர்களது இலங்கைப் பற்றை யாராவது சந்தேகித்ததுண்டா? கரையோரச் சோனகர் ஊருக்குப் பணம் அனுப்பியதை மட்டும் ஏன் விசுவாசமின்மை என்று வாசித்தோம்?

‘வாசித்தோம்’ என்று நான் எழுதுவது வேண்டுமென்றேதான். அரசு மட்டும் வாசிக்கவில்லை. இராமநாதன் சோனகரின் இனவியல் பற்றிச் சொன்னதற்கு 1907இல் ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் எழுதிய மறுப்பை நாம் இன்றும் பெருமையோடு பேசுகிறோம். பேசத்தான் வேண்டும், அது அவசியமான மறுப்பு. ஆனால் அறபு வேரை நிலைநாட்டும் அந்த முயற்சியின் நிழலில், நேற்று வந்த கரையோரத்தான் வேறு, நாம் வேறு என்ற பேச்சும் வளர்ந்தது. 1915 கலவரம் கண்டியில் கரையோரச் சோனகரின் பள்ளிவாசல் முன்னே போன வெசாக் ஊர்வலத்தில் தொடங்கியதும் அந்தப் பேச்சுக்கு உரமாயிற்று. அவர்களால்தான் எமக்கும் அடி விழுந்தது என்று முணுமுணுத்தவர்கள் இருந்தார்கள். ஆக, 1949இல் அரசு கோடு கிழித்தபோது அதற்குப் புதிய அடிமட்டம் தேவைப்படவில்லை. எமது அடிமட்டத்தையே எடுத்துக்கொண்டது எனலாம்.

1948இல் டீ.எஸ். சேனாநாயக்கவின் அமைச்சரவையில் டீ.பி. ஜாயா இருந்தார். தமிழரும் இருந்தனர். ஜீ.ஜீ. பொன்னம்பலம் 1948ஆம் ஆண்டுச் சட்டத்தை எதிர்த்துவிட்டுப் பின்னர் அமைச்சரானதையும், செல்வநாயகம் பிரிந்துபோய்த் தமிழரசுக் கட்சியைத் தொடங்கியதையும் தமிழ் எழுத்து மீட்டி மீட்டிச் சொல்லியிருக்கிறது. தன் தலைவர்களைத் திட்டித் தீர்த்திருக்கிறது. எமது பக்கத்துக் கதையில் அத்தகைய ஒரு சுயவிசாரணை நான் வாசித்தவரையில் இல்லை. மலையக எழுத்தாளர்கள் நாடற்றவரின் வாழ்வைக் கதையும் கவிதையுமாக ஆக்கி வைத்திருக்கிறார்கள். நாமோ அதை வாசித்துப் பாராட்டுகிறோம், விருந்தினரைப் போல.

முடிவு என்னவாயிற்று? ஏறக்குறைய 237,000 விண்ணப்பங்கள், 8 இலட்சத்துக்கும் மேற்பட்ட மனிதர்களுக்காக. பதிவு பெற்றவர்கள் ஏறக்குறைய 134,000 பேர் மட்டுமே. 1963 குடிசன மதிப்பீட்டில் 55,000 ஆக இருந்த இந்தியச் சோனகர் 1971இல் 27,000 ஆகிவிட்டார்கள். எட்டே வருடங்களில் ஒரு சமூகம் பாதியாகியிருக்கிறது! சிலர் 1964ஆம் ஆண்டு சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தின் பின் போனார்கள், சிலர் வியாபாரம் நலிந்து போனார்கள், சிலர் இலங்கைச் சோனகர் என்று பதிந்துகொண்டு தப்பியுமிருப்பார்கள். இதைப் பற்றி எந்த மௌலூதிலும் எந்த மாநாட்டிலும் யாரும் அழவில்லை.

2019இல் இந்தியா தன் குடியுரிமைச் சட்டத்தைத் திருத்தியது. மூன்று அண்டை நாடுகளிலிருந்து வந்த ஆறு மதத்தவர்களுக்கு வதிவுக் காலத்தை 11 வருடங்களிலிருந்து 5 வருடங்களாகக் குறைத்து, முஸ்லிம்களை மட்டும் விட்டுவிட்டது. எமது கவிஞர்கள் கொதித்தார்கள். நியாயமான கொதிப்பு. நானும் அவர்கள் பக்கமே. ஆனால் அந்தக் கொதிப்பு டில்லி வரை போகத் தெரிந்து புறக்கோட்டை வரை போகத் தெரியாமலிருப்பது எப்படி? ‘பத்திரத்தைக் காட்டு’ என்று அஸாமில் ஒரு முதியவரிடம் கேட்பது அநீதியென்றால், கொழும்பில் கேட்டதும் அநீதிதான். முன்னதில் பாதிக்கப்பட்டவர் முஸ்லிம் என்பதால்தான் எமக்கு வலிக்கிறதென்று வாதிடவும் வழியில்லை. பின்னதிலும் முஸ்லிம் இருந்தார்.

இலங்கைச் சட்டம் திருந்தாமலும் இல்லை. இலங்கைத் தாய் தன் பிரஜாவுரிமையைப் பிள்ளைக்குக் கொடுக்கும் உரிமை 2003ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கத் திருத்தத்தோடுதான் வந்தது. அதுவரை தகப்பன் வழி மட்டுமே. அதே வருடத்தின் 35ஆம் இலக்கச் சட்டம், 1964 ஒக்டோபர் 30 முதல் இங்கே நிரந்தரமாக வசித்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்களது சந்ததியினருக்கும் பிரஜாவுரிமை வழங்கியது. மனைவி எங்கே என்ற கேள்வியை அது கேட்கவில்லை. கேட்காமலே நாடு இடிந்து விழாமல் நிற்கிறது. ஆனால் அந்தச் சட்டம் இங்கே எஞ்சி நின்றவர்களுக்கு உதவியதே தவிர, கடையைப் பூட்டிவிட்டு இராமேஸ்வரத்துக் கப்பலேறியவருக்கு உதவவில்லை.

இப்போது எனது கோரிக்கை. புறக்கோட்டையிலும் கண்டியிலும் காலியிலும் பழைய கடைக்காரக் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. அவர்களது பெட்டகங்களில் 1950, 1951ஆம் ஆண்டுகளின் விண்ணப்பப் பிரதிகளும், நிராகரிப்புக் கடிதங்களும், ஊரிலிருந்து மனைவிமார் அறபுத் தமிழில் எழுதிய கடிதங்களும் கிடக்கக்கூடும். கறையானுக்கு முன்னர் நாம் போய்ச் சேர வேண்டும். கிடைப்பதை இந்தப் பக்கங்களிலேயே அச்சேற்றலாம். அறபுத் தமிழை வாசிக்கத் தெரிந்த பெரியவர்கள் எம்மிடையே இன்னும் சிலர்தான் மிஞ்சியிருக்கிறார்கள்.